மாமாவின் கை

என் மாமனார் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன நாள் முதல் அவர் கண்ணை மூடிய நாள் வரைக்கும், மனுசர் மீதோ மாட்டின் மீதோ அவர் கை ஓங்கி நான் பார்த்தது கிடையாது. குரலையும் உயர்த்த மாட்டார். கீரனூரிலிருந்து குளத்தூர் போகும் வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் இன்றைக்குப் போய்க் கேட்டாலும் 'தங்கமான மனுசன்' என்றுதான் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளை வேட்டி, ஒட்ட வெட்டிய நகம், மெத்தென்ற உள்ளங்கை. விவசாயம் பண்ணுகிறவர் கை மாதிரியே இல்லையே என்று என் அம்மா மட்டும் அன்றைக்குச் சொன்னாள்.

அந்தக் கை ஏன் அப்படி இருந்தது என்பது போகப் போகத்தான் புரிந்தது. மனசை உறுத்துகிற எந்தக் காரியத்தையும் மாமா தன் கையால் செய்ய மாட்டார். தன் வாயால் சொல்லவும் மாட்டார். அதற்காகக் காரியம் நடக்காமல் இருக்காது. இன்னொருத்தர் கையால் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோழி அடிக்கும்போதே அதைப் பார்க்கலாம். அத்தை, அதாவது என் மாமியார், கொல்லைப்பக்கம் கோழியைப் பிடித்துக்கொண்டு அரிவாள்மனை அருகே போனதும் மாமா வாசலுக்குக் கிளம்பிவிடுவார். "பாவம், வாயில்லாச் சீவன். அறுக்கிறவளுக்கு எப்படித்தான் மனசு வருதோ" என்று சொல்லிக்கொண்டே போவார். மத்தியானம் இலையில் உட்கார்ந்ததும், ஈரல் யாருக்குப் போச்சு என்று கேட்பார். காலையில் கோழி வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். அத்தை ஈரலை எடுத்து அவர் இலையில் வைப்பார். புதுசில் எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது.

வயலோரம் பங்காளி ஒருவருக்கும் மாமாவுக்கும் பொதுவில் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் நிழலால் கடலை சரியாகக் காய்ப்பதில்லை என்று மாமாவுக்குக் குறை. பங்காளியிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மாமா அதைச் செய்யாமல் தன் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார். அப்பா வைத்த மரத்தைப் பங்காளி தனக்குத் தெரியாமல் விலை பேசிவிட்டதாக, வருத்தப்படுகிற குரலில் சொன்னார். சின்ன மாமா முன்கோபக்காரர். மறுநாளே ஆள் வைத்து மரத்தைச் சாய்த்துவிட்டார். அன்று சாயங்காலம் மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பங்காளி வீட்டுக்குப் போனார். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து இப்படிப் பண்ணிவிட்டான், தம்பி என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி, அவர்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். சின்ன மாமா வீட்டுக்கும் அந்தப் பங்காளி வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. மாமா செத்தபோது முதல் மாலையைக் கொண்டுவந்தவர் அந்தப் பங்காளிதான்.

முத்தையா கதையும் இதேதான். எங்கள் தைலமரத் தோப்பையும் தண்ணி மோட்டாரையும் வெகுகாலம் பார்த்துக்கொண்டவர் அவர். முட்டிவலி வந்து நடை குறைந்ததும் மாமாவுக்கு அவரை நிறுத்த வேண்டும். என் வீட்டுக்காரரைத் தோப்புக்கு அனுப்பி, இனி வர வேண்டாம் என்று சொல்லவைத்தார். பொங்கலுக்குப் பச்சரிசியும் வெல்லமும் ஒரு வேட்டியும் எடுத்துக்கொண்டு தானே முத்தையா வீட்டுக்குப் போனார். சின்னப் பயல் ஆத்திரத்தில் சொல்லிவிட்டான், என் காதுக்கு வருவதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டான் என்றார். அதற்கப்புறம் முத்தையா எங்கே பார்த்தாலும் மாமாவைக் கும்பிடுவார். என் வீட்டுக்காரரைப் பார்த்தால் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொள்வார். இதை என் வீட்டுக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, "அப்பாவுக்கு மனசு கேக்காது, அதான் அப்படி" என்றார். கடைசிவரைக்கும் அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

என்னையும் ஒருமுறை அனுப்பிப் பார்த்தார். எங்கள் நிலத்தை முந்தின வருசம் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு விதவைப் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். உள்ளே வந்து மாமா என்னிடம், "ஏத்தா, இந்த வருசம் இல்லேன்னு நீ போயிச் சொல்லிரு" என்றார். நான் வாசலுக்குப் போய், "இந்த வருசம் இல்லேன்னு மாமா சொல்லச் சொன்னாங்க" என்றேன். அந்தப் பெண் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமா கதவுக்குப் பின்னால்தான் நின்றார். அதற்கப்புறம் ரொம்ப நாள் என்னோடு அவர் சரியாகப் பேசவில்லை. என்னை எங்கேயும் அனுப்பவும் இல்லை. பிறகு எல்லாவற்றுக்கும் அத்தைதான்.

அத்தை ஏன் எல்லாவற்றையும் செய்தார்? பயமா என்றால், அடிக்காத ஆளிடம் என்ன பயம். நான் கேட்டபோது, "சொன்னாச் செஞ்சுற வேண்டியதுதான். அவுகளும் நானுமா வேற வேற" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் என் வீட்டுக்காரர். மகள் கவிதா. புதுக்கோட்டையில் காலேஜ் படித்து முடித்த வருசம், கூடப் படித்த வேறு சாதிப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டாள். அப்போதுகூட மாமா கத்தவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். ஊரே வந்து அவருக்கு ஆறுதல் சொன்னது. இப்படி ஒரு மனுசனுக்கு இப்படி ஒரு பெண்ணா என்று அத்தையின் காதுபடவே பேசினார்கள்.

கவிதாவுக்குப் பையன் பிறந்த பிறகு ஒருநாள் அத்தையின் போனுக்குக் கூப்பிட்டாள். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டலாமா என்று கேட்கத்தான். என் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில் இருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். மாமா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக அவர் மெல்லிய குரலில் சொல்ல, அத்தை அதை உரக்கச் சொன்னார்.

"எனக்கு மக இல்ல."

மாமா அடுத்ததைச் சொன்னார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தார். மாமா தலையை ஆட்டினார்.

"அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வாசலை மிதிச்ச, நான் கெணத்துல விழுந்துருவேன். நீ செத்தாலும் எனக்குச் சொல்லிவிட வேணாம்."

போன் வைக்கப்பட்டது. மாமா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பெத்தவளுக்கே மனசு இல்லாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அத்தை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூடச் சரி. என் வீட்டுக்காரர் அடுத்த லீவில் வந்தபோது, மாமா அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சின்னத் தங்க மோதிரத்தைக் கொடுத்தார். பேரனுக்குப் போடச் சொல்லிக் கவிதாவிடம் கொடுத்துவிட்டு வா, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அவள் ஆடித் தீர்த்துவிடுவாள் என்று சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் சந்தோசமாகப் போனார். கவிதா அந்த மோதிரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுததாக வந்து சொன்னார். போனில் நடந்ததை நான் அவரிடம் சொன்னேன். "விடு, அப்பா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. அம்மாவுக்குத்தான் அந்த வீம்பு" என்றார். அடுப்படியில் நின்று என் காதால் கேட்டேன் என்று சொன்னதற்கு, நீ தப்பாகக் கேட்டிருப்பாய் என்று முடித்துவிட்டார். அதற்கப்புறம் தீபாவளிக்குத் தீபாவளி கவிதாவுக்கு ஏதாவது போகும். எப்போதும் அம்மாவுக்குத் தெரியாமல்.

இந்த நிலைமையில்தான் மாமாவுக்கு உடம்புக்கு வந்தது. மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிற வலி. வாய்வு என்று நினைத்துக் கொஞ்ச காலம் போயிற்று. புதுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் புற்றுநோய் என்றும், முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்றும் சொன்னார்கள். ஆபரேசனுக்கெல்லாம் நேரம் தாண்டிவிட்டது, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதை நாங்கள் நன்றாகச் செய்வோம் என்று டாக்டரம்மா சொன்னார். வலிக்கு மார்பின் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை. போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தியாக வந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து, பம்பு வைத்தார்கள்.

டிபன் டப்பா அளவுக்கு ஒரு மிஷின். கட்டில் பக்கத்துக் கம்பியில் மாட்டியிருக்கும். உள்ளே மார்பின் மருந்து. ஒரு குழாய் கையில் ஏற்றிய ஊசிக்கு வரும். இன்னொரு வயரின் முனையில் ஒரு பட்டன். கொஞ்சம் மருந்து எந்நேரமும் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். அதையும் மீறி வலி எடுத்தால் நோயாளியே பட்டனை அமுக்கிக்கொள்ள வேண்டியதுதான். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம்.

நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அமுக்கினால் 'கீக்' என்று சத்தம் வரும், மருந்து போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு மிஷின் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் எத்தனை முறை அமுக்கினாலும் சத்தமும் வராது, மருந்தும் போகாது. அதனால் அளவு மீறிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

"ஆனா ஐயா, நீங்க மட்டுந்தான் அமுக்கணும்," என்றாள். "மருந்து போதும்னா ஒங்களுக்குத் தூக்கம் வந்துரும், கை தானா நின்னுரும். வேற ஆளு அமுக்கினா அது தெரியாது. நீங்க தூங்கிக்கிட்டு இருக்கும்போதும் மருந்து ஏறும். மூச்சே கொறைஞ்சுபோயிரும்."

மாமா லேசாகச் சிரித்தார். "கெணத்து மோட்டார் ஸ்விட்சையே நான் போட்டதில்ல தாயி. அதுக்கும் ஆளுதான்" என்றார். நர்சும் சிரித்தாள். அவள் போனதும் மாமா பட்டனை எடுத்து அத்தையின் பக்கம் நீட்டினார்.

"இந்தா, நீ வச்சுக்க."

அத்தை வாங்கவில்லை. நர்ஸ் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அப்போ நான் இப்படியே கிடக்கிறேன் என்று மாமா பட்டனைத் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. வலி வரும். அவர் முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொள்வார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவார். பட்டன் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடக்கும். "அமுக்குங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அமுக்குங்க" என்று அத்தை கெஞ்சுவார். அவர் அத்தையையே பார்த்துக்கொண்டு, "ஒனக்கு இரக்கமே இல்லையா" என்பார். டாக்டரம்மா வந்து கேட்டால், வலி பரவாயில்லை என்று சொல்லிவிடுவார். அவர் போனதும் மறுபடி முனகல் ஆரம்பிக்கும்.

வலியைத் தாங்குகிற வைராக்கியம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட மனுசர்களையும் அந்த வார்டில் பார்த்தேன். மாமா அந்த ரகம் இல்லை. நர்ஸ் சொன்ன அத்தனையிலும் அவர் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். அமுக்குகிற கை மூச்சை நிறுத்தக்கூடும். அப்படி ஒரு கை தன்னுடையதாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அத்தையால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? அமுக்கிவிட்டார். மாமா கண்ணை மூடித் தூங்கினார். அத்தைக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி. விழித்து முனகுகிறபோதெல்லாம் அமுக்கினார். பிறகு, விழித்தால் வலிக்குமே என்று தூக்கத்திலேயே அமுக்க ஆரம்பித்தார். இதெல்லாம் நான் பள்ளிக்கூட வேலைக்குக் கீரனூர் போயிருந்த நேரத்தில் நடந்தது. மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது, கட்டிலைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். மாமாவின் உதடு வெளுத்திருந்தது. நர்ஸ் தோளைப் பிடித்து உலுக்கி, மூச்சு விடுங்கய்யா, மூச்சு விடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பம்பை நிறுத்திவிட்டு, மார்பினை முறிக்கிற ஊசி ஒன்றைப் போட்டார்.

அந்த ஊசி மூச்சைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே வலியையும் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. மாமா அலறியதை முதன்முதலாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

அலறல் கொஞ்சம் அடங்கியதும் டாக்டரம்மா அத்தையைப் பார்த்து, யார் அமுக்கினது என்று கேட்டார். அத்தை தான்தான் என்றார். இவ்வளவு சொல்லியும் ஏன் இப்படிச் செய்தீர்கள், ஆள் போயிருப்பாரே என்று டாக்டரம்மா கோபப்பட்டார். அத்தை கட்டிலைப் பார்த்தார். மாமா ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. மாமா சொன்னார்.

"நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன் டாக்டர். அவளுக்கு என்ன அவசரமோ."

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களுக்குத் துணையாக இருந்தவர்கள், எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். அழவில்லை.

அதற்கப்புறம் பட்டனை மாமாவின் உள்ளங்கையில் வைத்து பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். கட்டைவிரலை அசைத்தால் போதும். தானாகப் போகிற மருந்தையும் கூட்டிவைத்தார்கள். அத்தை கட்டிலைத் தொடக் கூடாது என்று நர்சுகளுக்குச் சொல்லிவிட்டார்கள். அப்போதும் அவர் கட்டைவிரலை அசைக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏத்தா, நீயாச்சும் அமுக்கு" என்றார். "நான் அமுக்க மாட்டேன் மாமா. ஒங்க கைக்குள்ளதான இருக்கு" என்றேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் குவைத்திலிருந்து வந்துவிட்டார். மாமா அவரிடம், கவிதாவைப் பார்க்க வேண்டும், அம்மாவுக்குத் தெரியாமல் சொல்லிவிடு என்றார். மறுநாள் காலையிலேயே கவிதா திருச்சி பஸ்சில் வந்து இறங்கினாள். பையனைத் தன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிட்டாள். தலை வாரிவிட்டாள். அத்தை எட்டி நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடைசியாக நேரில் பார்த்தது காலேஜ் பெண்ணை. இப்போது முகம் மாறி, கன்னம் ஒட்டி இருந்தாள். கவிதா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வார்டு முழுக்கப் பேசிக்கொண்ட கதை அவளுக்கும் வந்து சேர்ந்தது. கேட்ட உடனே நேராக அத்தையிடம் போனாள்.

"நீங்க இங்க இருக்க வேணாம். வெளியில போயி உக்காருங்க" என்றாள்.

பெற்ற தாயை 'நீ, வா' என்று கூப்பிட்டு வளர்ந்தவள் அவள்.

அத்தை வெளியே போகவில்லை. அந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில் அவர் எதிர்த்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏங்க," என்றார். "அன்னிக்கு போன்ல இவகிட்ட நான் பேசினேன்ல, அது யாரு சொல்லிப் பேசினதுன்னு இவகிட்டச் சொல்லிருங்க. ஒரு வார்த்த போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

மாமா முழு நினைவோடு இருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பங்காளி வந்து போனாரா என்று என்னிடம் விசாரித்திருந்தார். அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு கவிதாவைப் பார்த்தார். அவர் கட்டைவிரல் மடங்கியது.

'கீக்' என்றது மிஷின்.

அத்தனை நாள் வலியில் புரண்டும் அமுக்காதவர் அப்போது அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். கவிதா பதறிப்போய் அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். "பாத்தீங்களா, ஒங்களப் பாத்தாலே அவருக்கு வலி வருது" என்றாள் அத்தையிடம்.

அத்தை நகரவில்லை. "தூங்கிறாதீங்க. சொல்லிட்டுத் தூங்குங்க" என்றார். மாமா கண்ணைத் திறந்தார். மறுபடி கட்டைவிரல் மடங்கியது. இந்த முறை மிஷின் சத்தம் போடவில்லை. பூட்டியிருந்தது. மருந்து போகவில்லை. அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். வாயை லேசாகத் திறந்து, தூங்குகிறவர் மாதிரி மூச்சு விட்டார். இமைக்குள்ளே கருவிழி அசைவதை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து மாமா தானே அமுக்கிக்கொண்டார். அத்தை வார்டு வாசலில் தலைகாட்டினால் போதும், கட்டைவிரல் மடங்கும். ஐயா இப்போதுதான் பழகிக்கொண்டார் என்று நர்சுக்கு ஒரே சந்தோசம். வலியும் கட்டுக்குள் வந்தது. டாக்டரம்மா சொன்னபடி, கடைசி நாட்கள் அவருக்குச் சிரமமில்லாமல்தான் போயின. மகள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். அத்தை மருந்துக்கடைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வா என்று யாராவது கூப்பிட்டால், நான் வந்தால் அவுகளுக்கு வலிக்கும் என்பார். கேலியாகச் சொல்லவில்லை.

ஒரு முற்பகலில் மாமா போனார். அத்தை அப்போது டீக்கடையில் எங்களுக்கு வெந்நீர் வாங்கிக்கொண்டிருந்தார். ஃபிளாஸ்க்கோடு படியேறி வந்தவரிடம் நான்தான் சொன்னேன். ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, "முழிச்சிருந்தாகளா?" என்று கேட்டார். இல்லை, தூக்கத்தில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஊரே திரண்டு வந்தது. முத்தையா முட்டியைத் தேய்த்துக்கொண்டே சுடுகாடு வரைக்கும் நடந்தார். அவ்வளவு சத்தமாக வேறு யாரும் அழவில்லை. கைநீட்டி ஒரு ஆளை அடித்ததுண்டா, வாய்திறந்து ஒரு ஆளை வைததுண்டா என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அத்தனையும் உண்மை. அத்தையைக் கட்டிக்கொண்டு அழ வந்தவர்கள்கூட, ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டிருந்ததாலோ என்னவோ, பட்டும் படாமல் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

கருமாதி முடிந்து கவிதா கிளம்புகிறபோது நான் பஸ் ஸ்டாப்புவரைக்கும் கூடப் போனேன். போன் பேசிய அன்று அடுப்படியிலிருந்து கேட்டதை முழுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் மிஷின் சத்தம் போடாததையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் அண்ணி," என்றாள். "ஸ்பீக்கர்லதான போட்டிருந்தாரு. அப்பா பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்குறது அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சு."

பின்னே ஏன் அத்தையிடம் இப்படி என்று கேட்டேன்.

"அப்பா எப்படின்னு எனக்குத் தெரியாதா. அவரு அப்படித்தான். அவருகிட்டேருந்து எம் புள்ளைக்கு ஒரு மோதிரமாச்சும் வந்துச்சு. அம்மாகிட்டேருந்து அந்தக் குரல் மட்டுந்தான் வந்துச்சு. சொல்ல முடியாதுன்னு அந்த மனுசி ஒரு தடவை சொல்லியிருந்தா, அதுவும் எனக்குக் கேட்டிருக்கும்ல."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

இப்போது வருசத்துக்கு ஒருமுறை மாமாவின் திவசத்துக்குக் கவிதா வருகிறாள். அவர் படத்துக்கு மாலை போடுகிறாள். அண்ணனோடும் என்னோடும் பேசுகிறாள். சாயங்கால பஸ்சில் திரும்பிவிடுகிறாள். முதல் வருசம் அத்தை கொல்லைப்பக்கமே நின்றார். இந்த வருசம் திவசத்தன்று விடிந்ததும் குளித்துவிட்டு, சமையலை முழுக்க அவரே செய்தார். கவிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பையும் வைத்தார். எல்லாம் முடிந்ததும் ஒரு பையில் ஒரு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, இலுப்பூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். போகும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே, "கொழம்பு நீ வச்சேன்னு சொல்லிரு" என்றார்.

மத்தியானம் கவிதாவுக்கு இலை போட்டேன். சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு, நான் வைத்த குழம்பு என்று சொன்னேன். அவள் ஒரு உருண்டையைப் பிட்டு வாயில் வைத்தாள். மென்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மிச்சத்தையும், குழம்பு பட்ட சோற்றையும் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ரசம் கேட்டாள்.